ஐக்கிய நாணய சங்கமும் ஈழத்துக் கமக்காரனும்

கமத்தொழில் செலவை முன்னும் வரவைப் பின்னும் உடையது. புரட்டாதியில் விதைப்பவன் தையிலோ மாசியிலோதான் அரிவு வெட்டுவான். இடைப்பட்ட மாதங்களில் விதைநெல்லும் மாட்டுக்கூலியும் எருவும் வேலியும் பணம் கேட்கும். வீட்டிலுள்ளோரின் வயிறும் அவற்றோடு சேர்ந்து கேட்கும். ஆதலின் கமக்காரன் கடன்படுவது ஊதாரித்தனத்தின் விளைவென்று நகரத்தார் சிலர் கூறுவது பொருந்தாது. கலியாணச் செலவும் வழக்குச் செலவும் அவன் கடனைப் பெருக்கியமை உண்மையே. ஆயின் அவை இல்லாதிருந்தாலும் அவன் கடன்பட்டே இருப்பான். பருவமே அவனைக் கடன்படச் செய்கின்றது.

அக்கடனை அவனுக்கு முற்காலத்தில் கொடுத்தோர் யாவர்? உறவினர், நிலச் சொந்தக்காரர், கடைக்காரர் என்போரே. தென்னிலங்கையிலும் கண்டி நாட்டிலும் விதைநெல்லாகக் கொடுத்த ஒரு புசலுக்கு அறுவடையில் ஒன்றரைப் புசல் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பரவலாயிருந்தது. சில மாதங்களுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டியென்று அதனைக் கணக்கிட்டுப் பார்த்தவர் கிராமத்தில் இலர். அது வழக்கம் எனப்பட்டதேயன்றி வட்டி எனப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் தேசவழமையின் கீழ் ஒற்றி இருந்தது. பணம் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பான். பணத்தைத் திருப்பும்வரை நிலம் அவன் கையில் இருக்கும். விளைவை இழந்தவன் முதலை எதைக்கொண்டு திருப்புவது என்பதே ஒற்றியிலுள்ள இடர். நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வட்டிக்கடைகளைக் குறித்துப் பலவாறு எழுதப்பட்டுள்ளதெனினும் அவர்கள் பெரும்பாலும் கடைக்காரருக்கும் தோட்டக்காரருக்குமே கடன் கொடுத்தனர். சிறு கமக்காரனை அவர்களது பணம் ஊர்க்கடைக்காரன் வழியாகவே, அவனது வட்டியையும் சேர்த்துக்கொண்டு, வந்தடைந்தது.

இந்நிலைக்கு மாற்றாக எழுந்ததே ஐக்கிய நாணய சங்கம். இப்பெயரை நம் முன்னோர் தேர்ந்தமை கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் 'கூட்டுறவு' என்னுஞ் சொல் 'ஐக்கிய'த்தை அகற்றியது. 'கடனுதவி' என்னுஞ் சொல் 'நாணய'த்தை அகற்றியது. முந்தியதால் நட்டமொன்றுமில்லை. பிந்தியதால் ஒரு நட்டம் உண்டு. நாணயம் என்பது தமிழிற் காசையும் குறிக்கும், சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். அவ்விரண்டும் ஒன்றன்றேல் ஒன்றில்லை என்பதே இச்சங்கங்களின் அடிப்படை.

அவ்வடிப்படையை வகுத்தவர் செருமனியின் இறைன் நதிப்புறத்து ஊர்த்தலைவராயிருந்த ரைபைசன் என்பவர். 1840களின் பஞ்சத்தில் அவர் செல்வர்களிடம் பணந்திரட்டி ஏழைகளுக்கு உதவினார். நாளடைவில் கொடையாளரின் ஊக்கம் தளர்ந்தது. கொடையால் நிற்கும் சங்கம் நிலையாதென்று கண்டு, கடன் வேண்டுவோரே உறுப்பினராகி ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்கும் சங்கத்தை 1864இல் ஹெடெஸ்டோர்வ் என்னுமிடத்தில் நிறுவினார். சென்னை அரசாங்கத்தின் பணிப்பில் விவசாய வங்கிகளை ஆராய்ந்த பிரெடெரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் இரு பாகங்களாக வெளியிட்ட அறிக்கையில் இம்முறையையே இந்தியக் கிராமங்களுக்குப் பரிந்துரைத்தார். 1904இல் இந்தியச் சட்டம் பிறந்தது. இலங்கையில் 1906இலேயே கண்டியை அடுத்த தும்பறைப் பகுதியில் ஒரு கடன் சங்கம் தோன்றியிருந்தது. 1909இல் அரசாங்கம் விவசாய வங்கிகள் பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தது. 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டம் அதன் வழியே வந்தது.

இச்சங்கம் தொழிற்படும் முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பின்னாளில் யாது இழக்கப்பட்டது என்பதை இதனை அறியாமல் உணர முடியாது.

சங்கத்தின் எல்லை ஒரு கிராமம், அல்லது ஒரு கிராமத்தின் பகுதி. உறுப்பினர் சில பத்துப் பேர். அவர்களது பொறுப்பு வரையறையற்றது. அதாவது சங்கம் கடனை இறுக்க முடியாமற் போனால் ஒவ்வோர் உறுப்பினரும் தம் சொத்து முழுவதாலும் அதற்கு விடை சொல்ல வேண்டும். வாசிப்போர்க்கு இது கொடிய விதியாகத் தோன்றலாம். ஆயின் இவ்விதியே சங்கத்துக்குக் கண்ணாகவும் காதாகவும் இருந்தது. கந்தன் ஐம்பது ரூபா கேட்கிறான் என்றால், அப்பணம் போனால் தன் காணியும் போகலாம் என்பதை அறிந்த வேலன் கூட்டத்தில் வாய் திறப்பான். கந்தன் மாடு வாங்கவா கேட்கிறான், பழைய சீட்டுக்காசு கட்டவா கேட்கிறான் என்பது வேலனுக்குத் தெரியும். எந்த வங்கி முகாமையாளனுக்கும் அது தெரியாது; தெரிந்துகொள்ள அவன் முயன்றால் அம்முயற்சியின் செலவே கடனின் வட்டியை விஞ்சிவிடும். ஈட்டுக்கு உறுதி கேட்பதற்குப் பதிலாக இரு பிணையாளரின் கையொப்பத்தைச் சங்கம் ஏற்றது. நிருவாகிகள் சம்பளம் பெறுவதில்லை. இலாபம் உறுப்பினருக்குப் பங்கிடப்படாமல் ஒதுக்குநிதியிற் சேரும். அந்நிதி ஊரின் பொதுச் சொத்தாக வளரும். கடன் கொடுப்பதற்கு முன் சேமிக்கப் பழக்குவது சங்கத்தின் கடமை. மாதம் சில சதமேயாயினும் உறுப்பினர் வைப்புப் பணம் இட்டாக வேண்டும்.

மலிந்த வட்டிக்குப் பணம் கிடைப்பதே இம்முறையின் பயனென்று பலர் கருதினர். அது இரண்டாவது பயனே. அயலவன் பணம் என்ற உணர்வும், அதனை அயலவனே மதிப்பிட்டுக் கொடுத்தான் என்ற உணர்வுமே முதலாவது. கடன் திரும்பி வந்ததற்கு அவ்வுணர்வு காரணமாயிற்று.

குறைகளை மறைத்துரைத்தல் வரலாறு ஆகாது. ஒருவரையொருவர் நன்கறிந்தோரே சேர வேண்டுமென்ற விதி, நம் நாட்டிற் பல இடங்களில், ஒரே குலத்தாரும் உறவினரும் சேர்வதாகவே முடிந்தது. பிணை நிற்க ஆளில்லாதவன் சங்கத்தின் வாசலில் நின்றான். வாரத்துக்குச் செய்பவனும் கூலிக்காரனும் பெரும்பாலும் அத்தகையோரே. கடன் மிகவும் வேண்டியவனுக்கு அது கிடைக்காமையும், ஓரளவு உள்ளவனுக்கே கிடைத்தமையும் இச்சங்கங்களின் மாறாத குறை. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஒரு கிராமத்தில் மழை பொய்த்தால் எல்லார் வயலும் ஒருங்கே பொய்க்கும். 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் இடைநாட்டுக் கிராமங்களைச் சூறையாடியபோது கடன்பட்டவனும் பிணை நின்றவனும் ஒரே வேளையிற் பாயிற் கிடந்தனர். வரையறையற்ற பொறுப்பு ஒருவன் தவறும்போது பலர் தாங்குவதற்கு வகுக்கப்பட்டது. எல்லாரும் ஒருங்கே விழும்போது அது தாங்காது. ஆதலால் சங்கங்கள் தம்முள் இணைந்து, ஓரூரின் மிச்சத்தை மற்றோரூரின் குறைக்கு ஈடுசெய்யும் மேலமைப்பொன்று வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் அம்மேலமைப்புப் பிறபகுதிகளுக்கு முன்னரே உருவாயிற்று. 1929இல் இங்கு கூட்டுறவு வங்கி நிறுவப்பட்டது. இதற்குக் காரணம் நாடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. குடாநாட்டுக் கமம் கிணற்றையும் துலாவையும் நம்பிய தோட்டப் பயிர்ச்செய்கை. புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் நெல்லைவிட அதிகம் காசு கேட்பன, அதிகம் காசு தருவன. கேட்பதொருபுறமிருக்க, வைப்பிடுவதற்குரிய பணமும் இங்கு இருந்தது. அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளமும், மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளையும் ஓய்வூதியமும் ஊரில் முடங்கிக் கிடந்தன. அவற்றுக்கும் தோட்டக்காரனின் தேவைக்குமிடையே சங்கம் வாய்க்காலாயிற்று. கணக்கெழுதத் தெரிந்தவரும் ஊரார் நம்பிக்கைக்குரியவருமான பள்ளிக்கூட ஆசிரியரே பல சங்கங்களின் காரியதரிசியாகவும் தனாதிகாரியாகவும் அமைந்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்து வடபகுதிக் கூட்டுறவியக்கத்தை வழிநடத்திய வீரசிங்கத்தின் பெயரை யாழ்நகரிலுள்ள கூட்டுறவு மண்டபம் தாங்கி நிற்பது தற்செயலன்று.

கடனோடு விற்பனையும் இணையாவிடின் கடன் பயன்படாதென்பதையும் யாழ்ப்பாணத்தார் அறிந்திருந்தனர். திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான புகையிலையைப் பயிரிட்டவன் அதனை வாங்கும் வியாபாரியிடமே முற்பணம் பெற்றிருப்பான். ஆதலின் விலையை வியாபாரியே நிருணயிப்பான். 1934இல் தோன்றிய யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் இக்கட்டை அவிழ்க்க முயன்றது. அதே தசாப்தத்தில் மூளாயில் கூட்டுறவு மருத்துவமனை ஒன்றும் எழுந்தது. நாணய சங்கத்திற் பழகிய கைகளே இவற்றையும் செய்தன.

அரசாங்கத்தின் போக்கும் அக்காலத்தில் இதற்கு இசைவாயிருந்தது. 1930வரை விவசாயப் பகுதியினரின் கீழிருந்த சங்கங்கள் அவ்வாண்டில் தனிப் பகுதியொன்றின் கீழ் வந்தன. அதன் முதற் பதிவாளரான கம்பெல் என்பார் சங்கங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதினும் உள்ளவற்றைச் செம்மைப்படுத்துவதையே பெரிதெனக் கருதினார். வளர்ச்சி மந்தமென்று குறை கூறப்பட்டது. குறை கூறியோர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. அரை நூற்றாண்டு முயற்சியின் பின்னரும், 1957இல் நடத்தப்பட்ட கிராமியக் கடன் ஆய்வு, கிராமத்தாரின் கடனில் அரசாங்கம், கூட்டுறவு, வங்கி ஆகிய எல்லா நிறுவனங்களின் பங்கும் சேர்ந்து பத்திலொன்றுக்குக் குறைவே என்று காட்டிற்று. இந்தியாவில் 1951-52இன் ஆய்வு கூட்டுறவின் பங்கை நூற்றுக்கு 3.1 என்று கண்டது. இத்தகைய எண்களைக் கண்ட ஆட்சியாளர் பொறுமை இழந்ததில் வியப்பில்லை. அப்பொறுமையின்மை எவ்வழியிற் சென்றது என்பதே இனிக் காணவேண்டியது.

திருப்பம் 1942இல் தொடங்கியது. யப்பானியப் படையெழுச்சியால் பர்மா அரிசி நின்றபோது பங்கீட்டுப் பொருள்களை ஊருக்கூர் விநியோகிக்க ஐக்கிய பண்டகசாலைகள் வேண்டப்பட்டன. மூன்றாண்டுகளில் அவை நாலாயிரம் அளவிற் பெருகின. பசி நீக்கிய அப்பணியைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் 'சங்கம்' என்ற சொல்லின் பொருள் அங்கேயே மாறிற்று. பங்கீட்டுப் புத்தகத்தைக் கொண்டு சேர்ந்தவன் தன்னை உறுப்பினன் என எண்ணவில்லை; சங்கத்தை அரசாங்கத்தின் கடையென்றே எண்ணினான். 1947முதல் உருவான விவசாய உற்பத்தி விற்பனைச் சங்கங்கள் அரசாங்கப் பணத்தைக் கமக்காரனுக்குக் கடனாகக் கொடுத்து, அவன் நெல்லை உத்தரவாத விலைக்கு வாங்கி, அதிற் கடனைக் கழித்துக்கொள்ளும் திட்டத்தோடு வந்தன. 1952முதல் ஒரு புசல் நெல்லுக்குப் பன்னிரண்டு ரூபா என்ற விலை நல்ல விலையே. தாளிற் பார்க்குமிடத்து இதனினும் சிறந்த ஏற்பாடு வேறில்லை. களத்திலோ, சங்கத்துக்கு நெல் கொடுத்தால் கடன் கழியும், காசு தாமதிக்கும். வியாபாரிக்குக் கொடுத்தால் விலை சற்றுக் குறைந்தாலும் முழுக்காசும் அன்றே கைக்கு வரும். கடன்பட்டவன் வியாபாரியிடம் சென்றான். நாணய சங்கமாயின் அயலவன் அதனைக் கண்டு கேட்டிருப்பான். இங்கே அயலவனுக்கு அதனாற் போவதொன்றுமில்லை; அவனும் அதனையே செய்தான்.

1957இல் உணவு விவசாய அமைச்சர் பிலிப் குணவர்த்தன பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைக் கொணர்ந்தார். அவருடைய திட்டம் சிறுமையானதன்று. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தால் வாரக்குடிக்கு நிலப்பாதுகாப்பு அளித்தால், விதைநெல்லும் கைம்மாற்றும் கொடுத்துவந்த நிலச் சொந்தக்காரன் கையை மூடுவான். அவ்விடத்தைச் சங்கமும் அதற்கென ஒரு வங்கியும் நிரப்ப வேண்டும் என்று அவர் முன்கூட்டியே கண்டார். நாணய சங்கத்தின் வாசலில் நின்ற வாரக்குடியை உள்ளே அழைத்தவர் அவரே என்பதை அவரை எதிர்த்தோரும் மறுத்தற்கியலாது. ஆயின் அமைச்சரவையில் எழுந்த எதிர்ப்பினால் அவர் கருதிய கூட்டுறவு அபிவிருத்தி வங்கி பிறக்கவில்லை. 1959இல் அவர் பதவி நீங்கினார். மக்கள் வங்கி 1961இல்தான், 29ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 1949இலிருந்து நிலவிய கூட்டுறவுச் சமாச வங்கியை உள்ளடக்கி உருவாயிற்று. 1964முதல் பலநோக்குச் சங்கங்களில் கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டன. இவை கிராமத்தாரின் சேமிப்பைத் திரட்டுவதில் வியக்கத்தக்க வெற்றி கண்டன. கொடுத்த கடனிலோ நகை அடகே மேலோங்கி நின்றது. ஒரு வகையில் இது தோல்வியின் ஒப்புதல். மனிதனின் சொல்லை ஏற்பதற்கென்று தோன்றிய இயக்கம் அவன் மனைவியின் சங்கிலியை நிறுத்துப் பார்க்கத் தொடங்கிற்று.

பின்வந்தவற்றை விரைந்து கூறலாம். 1967இன் புதிய விவசாயக் கடன் திட்டத்தில் அறவிடப்படாத கடனில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மத்திய வங்கி உத்தரவாதம் அளித்தது. வங்கிக்கு அது ஆறுதல். சங்கத்துக்கு அது கடனை வருந்தி அறவிட வேண்டியதில்லை என்ற செய்தி. 1970களின் தொடக்கத்தில் ஐயாயிரம் அளவிலிருந்த பலநோக்குச் சங்கங்கள் முந்நூற்றெழுபது அளவான பெருஞ்சங்கங்களாக ஒடுக்கப்பட்டன. கணக்குவைப்பும் வாணிகமும் சீர்ப்பட்டிருக்கலாம். ஆனால் பல கிராமங்களுக்கு ஒன்றான சங்கத்தில் யாருடைய மாடு செத்தது, யாருடைய வயல் விளைந்தது என்று எவருக்குத் தெரியும்? பெரும்போகம் தோறும் கடன் கொடுக்கப்பட்டது, நிலுவை கூடியது, நிலுவை வைத்திருந்தோரையும் மீண்டும் கடன்பெறத் தகுதியுடையோராக்கும் சலுகைகள் இடையிடையே வந்தன. 1977-78 பெரும்போகத்திற் கடன் முன்னொருபோதும் இல்லாதவாறு தாராளமாகக் கொடுக்கப்பட்டு, பெரும்பகுதி திரும்பாது போயிற்று. ஒழுங்காகக் கட்டியவன் ஏமாந்தவன் என்ற எண்ணம் கிராமத்தில் வேரூன்றியது. இதனைக் கமக்காரனின் ஒழுக்கக்கேடென்று கூறுவோர் உளர். அவன் கற்றுக்கொடுக்கப்பட்ட பாடத்தையே கற்றான். கொழும்பிலிருந்து வந்த பணத்தை எவரும் அயலவன் பணமென்று கொள்வதில்லை. தேர்தற்காலத்துக் கொடையையும் கடனையும் பிரித்துணர அவனுக்கு வழிவிடப்படவில்லை.

பழைய நாணய சங்கங்கள் எவரும் மூடாமலே மங்கின. 1978அளவில் நாடு முழுவதும் ஆயிரத்துச் சொச்சமே எஞ்சியிருந்தன. அவற்றுள்ளும் பல பெயரளவில் இருந்தன. அவ்வேளை கேகாலைப் பக்கத்து வல்கமையில் கிரிவந்தெனிய என்பவர் தம் ஊரின் சங்கத்தைப் புதுக்கத் தொடங்கியதே சணச இயக்கத்தின் தோற்றம். அவர் புதிதாக எதனையும் கண்டுபிடிக்கவில்லை. உறுப்பினரின் சேமிப்பு முதலில், கடன் பின்னர். சங்கம் ஊரளவில், சமாசம் மாவட்டத்தளவில் என்ற பழைய ஒழுங்கையே மீட்டெடுத்தார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் சங்கங்கள் பல ஆயிரமாயின. 1997இல் அவ்வியக்கம் தனக்கென ஒரு வங்கியையும் அமைத்தது. இங்கும் ஒரு எச்சரிக்கை வேண்டும். வளர்ச்சி மிக்க ஆண்டுகளில் அரசாங்க வீடமைப்புக் கடனை இச்சங்கங்கள் வழியாகக் கொடுத்தபோது, பலநோக்குச் சங்கங்களைப் பற்றிய நோய் இவற்றையும் தொட்டது. சங்கம் நல்லதா கெட்டதா என்பதினும், அதன் பெட்டியில் யாருடைய பணம் கிடக்கின்றது என்பதே விளைவைத் தீர்மானித்தது.

வடக்கில் இவ்வியக்கம் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் என்ற பெயரில் நிலவியது. 1983முதல் 2009வரை நீடித்த போர் சங்கத்தின் முதற் கட்டளையையே, அதாவது ஊரார் ஊரிலிருத்தலையே, பறித்தது. 1995இல் வலிகாமத்து மக்கள் ஒருங்கே பெயர்ந்தபோது கடன்பட்டவன் ஓரிடமும் பிணையாளன் ஓரிடமும் ஆயினர். இத்தனைக்கும் பின்னர்ச் சில சங்கங்கள் தம் புத்தகங்களைத் தேடியெடுத்து மீண்டும் கூடியமை எண்ணத்தக்கது.

2009இன் பின்னர் வடக்கு கிழக்கிற் பரவிய நுண்கடன் கம்பனிகள் வெளித்தோற்றத்தில் நாணய சங்கத்தையே ஒத்திருந்தன. ஈடு வேண்டியதில்லை, அயலவரான சில பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர்க்கொருவர் பிணை நிற்பர், கிழமைதோறும் கூடுவர். ரைபைசன் காணின் தம் முறையென்றே மயங்கியிருப்பார். ஆயின் கூட்டுப் பொறுப்பு மட்டுமே ஊரார் தோளில் இருந்தது. பணம் அவர்களுடையதன்று, வட்டியை அவர்கள் நிருணயிக்கவில்லை, கணக்குப் புத்தகம் அவர்கள் கையில் இல்லை, இலாபம் ஒதுக்குநிதியாக ஊரில் தங்கவில்லை. ஒருத்தி கட்டத் தவறினால் ஏனையோர் அவள் வாசலில் நின்றனர். அவர்களை அங்கே நிறுத்தியது சங்கத்தின் மீதுள்ள அக்கறையன்று, தம் அடுத்த கடன் நின்றுபோகும் என்ற அச்சம். ஒரு கடனை அடைக்க மற்றொரு கம்பனியிற் கடன்பட்ட பெண்களின் துயரம் வன்னியிலும் மட்டக்களப்பிலும் பெரும் பிரச்சினையாக வளர்ந்து, 2018இல் அரசாங்கம் வறட்சியுற்ற மாவட்டங்களின் பெண்கள் பட்ட ஓரிலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. நிவாரணம் பெற்றோர் வாழ்ந்த ஊர்களுள் எத்தனையில் அவ்வேளை சிக்கன கடனுதவிச் சங்கமொன்று உண்மையில் இயங்கிக்கொண்டிருந்தது, அச்சங்கம் அப்பெண்களை உறுப்பினராக ஏற்றிருந்ததா என்பன ஊர் ஊராகச் சென்று ஆராயத்தக்க வினாக்கள்.